நாட்டுக்காக ஆறு மாதம்

விடுதலைப் போரில் பங்கெடுத்தும் வெளிச்சத்துக்கு வராத தியாகிகளை, ஊருக்கு ஒருவர் வீதம், ஆகஸ்ட் பதினைந்துக்குள் கண்டுபிடித்து அனுப்புமாறு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தியாகி கிடைக்காத ஊர்கள் காரணம் எழுதித் தர வேண்டும். கொல்லிமலைக்குத் தனி அலுவலராக இளங்கோ நியமிக்கப்பட்டார். காரணம் எழுதுவதைவிடத் தியாகியைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பது அவருடைய பதினெட்டு ஆண்டு அனுபவம்.

பழைய சிறைப் பதிவேட்டில் ஒரு பெயர் அகப்பட்டது: செல்லமுத்து, அரியூர் நாடு, 1942, ஆறு மாதம். இளங்கோ சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டே போய், செல்லமுத்துவின் பேத்தி கண்ணாயியை மரவள்ளிக் காட்டில் பிடித்தார். அந்தக் காட்டுக்குப் பட்டா கேட்டு ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருந்தவர் கண்ணாயி. ஆபீசரே தேடி வந்ததும் பட்டாதான் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"உங்க தாத்தா எதுக்கும்மா ஜெயிலுக்குப் போனார்?"

"நாட்டுக்காகத்தானுங்க."

இளங்கோ பேனாவைத் திறந்தார்.

மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். பக்கத்து நாட்டுக்காரர்கள் ஓடைத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள்; செல்லமுத்து அவர்களில் ஒருவருடைய கையை உடைத்தார். கண்ணாயி இதை ஒளிக்காமல் சொன்னார்.

"எந்த நாடா இருந்தா என்னம்மா? ஜெயில் வெள்ளைக்காரன் ஜெயில்தானே?"

படிவத்தின் ஏழாவது கேள்வி, மிதவாதியா தீவிரவாதியா என்பது. உடைந்தது எத்தனை கை என்று விசாரித்தார். ஒன்றுதான். மிதவாதி என்று எழுதினார். எட்டாவது கேள்வி அகிம்சை. கம்பை முதலில் ஓங்கியது எதிராளி என்பதால் அதுவும் நிறைந்தது. 'அன்னியர் அபகரித்த இயற்கை வளத்தை மீட்டு, வெள்ளையனே வெளியேறு இயக்கத்துக்கு மலைமீது உயிரூட்டினார்' என்று அறிக்கை போயிற்று.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. தியாகி உழுத மண்ணிலேயே மணிமண்டபம். அதாவது, கண்ணாயியின் காட்டில். புறம்போக்கில் கட்டினால் அது தியாகியின் மண் ஆகாது. ஆகவே முதலில் அதை அவர் குடும்பத்தின் மண்ணாக ஆக்க வேண்டியிருந்தது. ஒன்பது வருடம் நகராத கோப்பு ஒரே நாளில் நகர்ந்தது. காலை பதினொரு மணிக்குக் கண்ணாயியிடம் பட்டா கொடுத்து, கைதட்டி, படம் எடுத்தார்கள். மாலை நாலு மணிக்கு நிலத்தைக் கையகப்படுத்தும் நோட்டீஸைக் கொடுத்தார்கள். இதற்குப் படம் எடுக்கவில்லை.

மலை முழுக்கப் படம் பரவியது. மறுநாள் அலுவலக வாசலில் அறுபது பேர் பட்டா மனுவோடு நின்றார்கள். எல்லார் தாத்தாவும் ஜெயிலுக்குப் போயிருந்தார்கள். கை உடைபட்டவரின் பேரன் அப்பாசாமியும் வந்திருந்தார். அடித்தவர் தியாகி என்றால் அடிபட்டவர் அதைவிடப் பெரிய தியாகி என்பது அவர் கட்சி.

வரிசையின் முதலில் கண்ணாயி. தன் தாத்தா ஜெயிலுக்கே போகவில்லை என்று ஒரு சான்று வேண்டும் என்றார்.

இளங்கோ விதிமுறையைப் புரட்டினார். "தியாகத்தைத் திரும்பப் பெறணும்னா சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணும்மா."

"அப்புச்சி செத்து நாப்பது வருசமாச்சுங்க."

இளங்கோ அதையும் குறித்துக்கொண்டார்.

கண்ணாயி திரும்பி, நோட்டீஸை வரிசைக்கு விரித்துக் காட்டினார். அதிலும் அரசு முத்திரை இருந்தது. வரிசைக்கு ஆசை கூடியது.

"உங்களுக்குத்தான் ரெண்டு காயிதம் கெடச்சிருச்சுங்களே," என்றார் அப்பாசாமி. "செத்த தள்ளி நில்லுங்க. எங்க காட்டையும் எழுதிக்கட்டும்."