சோபாவில் உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரர்

ஆளே இல்லாத சோபாவிடம் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிவிட்டு நடந்த மனிதர் மலாக்கா மாநிலத்திலேயே ஒருவர்தான். பாயா ரும்புட்டில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, முழுக்க அவரை ஏர்கான் அங்கிள் என்றுதான் கூப்பிடும். ஏர்கான் கழுவுவார், கேஸ் நிரப்புவார், ஒழுகினால் வந்து பார்ப்பார். அவர் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவர் மகள் கவிதாவும் நானும் ஒரே தொழிற்சாலையில், எலெக்ட்ரானிக்ஸ் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவர்கள்.

அப்பாவின் பிறந்தநாளுக்குக் கவிதா ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தாள். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சாதாரண ஹெட்போனில் பாட்டு நம் தலையோடு சேர்ந்தே திரும்பும். இதில் அப்படி இல்லை. பாட்டைத் தொடங்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறோமோ, அங்கே கச்சேரி உட்கார்ந்துவிடும். நாம் இடது பக்கம் திரும்பினால் அது வலது காதுப் பக்கம் கேட்கும். ஆனால் புதுப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், கச்சேரியும் எழுந்து அந்தப் பக்கம் வந்துவிடும். எல்லாம் உள்ளே இருக்கும் சென்சார் செய்கிற வேலை. இதை நான் அங்கிளுக்கு வரிசையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய்த் திரைச்சீலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"யாரும் இல்லையேம்மா," என்றார், ஏமாற்றத்தோடு.

அவருக்குப் பிடித்தது ஒரு கல்யாண மேளத் தொகுப்பு. சீக்கிரமே வீட்டு ஹாலில் எல்லாருக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது. நாதஸ்வரக்காரர் சோபாவில். தவில்காரர் பிரிட்ஜ் பக்கத்தில். தாளம் போடுகிறவர் செருப்பு அடுக்குக்கு மேல். அது மரியாதை இல்லை என்று செருப்பு அடுக்கு வாசலுக்குப் போனது. அங்கிள் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காருவார்.

அங்கிளின் மனைவி மலர் ஆன்ட்டிதான் பாவம்.

"நவுருங்க லா, நான் பிரிட்ஜைத் தொறக்கணும்."

"கொஞ்சம் பொறு. மனுஷன் வேகமா வாசிக்கிறாரு, கையில இடிச்சிறப் போற."

"கறிக்குத் தேங்காய்ப்பால் வேணும். அந்த மனுஷன எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க!"

காலையில் பக்திப் பாட்டு. சாமி மேடையைப் பார்த்து நின்று தொடங்குவார். ஒரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கழிவறை பல்பை மாற்றப் போனார். பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அலறல். "அலாமாக்! சாமி டாய்லெட்டுக்குள்ள வந்துருச்சு!" அன்றைக்கே கழிவறையைத் தேய்த்துக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அதன்பிறகு செருப்போடு உள்ளே போக யாருக்கும் அனுமதி இல்லை.

கிளேபாங்குக்குச் சாப்பிடப் போனபோது கவிதா கார் ஓட்டினாள். ரவுண்டபௌட்டில் கார் வளைந்ததும் அங்கிள் பதறினார். "மா, நாதஸ்வரம் ஜன்னல் வழியா வெளிய போயிருச்சு! இன்னொரு ரவுண்டு போ, ஏத்திக்கிட்டுப் போவோம்." மறுபடியும் சுற்றினோம். "ஆ, இந்தா முன்னால வந்துட்டாரு, நிறுத்து நிறுத்து!" பின்னால் வந்த லோரிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கவிதாவுக்கு டுரியான் துங்காலில் ஒரு பையனைப் பிடித்திருந்தது. பையனின் அப்பா பள்ளிக்கூடத்தில் கட்டொழுங்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்ததை யாரும் பார்த்ததில்லையாம். "வீட்டை ஒரு தடவ பாக்கறேன். ஒழுங்கான குடும்பமா இருந்தா பரிசம் போடலாம், இல்லன்னா இத்தோட விட்ரு," என்று மகனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். கவிதா ஹெட்போனை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள்.

வாத்தியார் மனைவியோடு வந்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். சோபாவில் உட்காரக் குனிந்தார்.

"சார், அங்க வேணாம்!" என்று அங்கிள் கத்திவிட்டார்.

வாத்தியார் பாதிக் குனிந்தபடியே நின்றார். "ஏன்?"

அங்கிளுக்குப் பொய் சொல்ல வராது. "அது நாதஸ்வரக்காரர் உக்கார்ற இடம் சார்."

எல்லாரும் சோபாவின் காலி இடத்தைப் பார்த்தோம். சோபாவின் மறு ஓரத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பையனின் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தார். நான் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தேன். "தலையில சென்சார் இருக்கு சார், அதனாலதான்..."

"யார் தலையில?" என்றார் வாத்தியார்.

சமையலறை வாசலில் கவிதா தேநீர்த் தட்டோடு நின்றாள். அதற்குள் மலர் ஆன்ட்டியே ஹெட்போனைத் தோண்டி எடுத்து வந்துவிட்டார். "நீங்களே கேட்டுப் பாத்துருங்கண்ணே. இல்லன்னா எங்கள பைத்தியம்னு நெனச்சுக்குவீங்க." அங்கிள் வாத்தியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிக் கல்யாண மேளத்தைப் போட்டுவிட்டார். தலையிலும் தோளிலும் அரிசி உதிர்ந்தது.

வாத்தியார் அசையாமல் இருந்தார். மெதுவாகத் தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பிறகு, காதை மூடியவர்கள் எல்லாரும் போடுகிற சத்தத்தில் மனைவியைப் பார்த்துக் கத்தினார்: "கால் மேல காலப் போடாத! வித்வான் பக்கத்துல இருக்காரு!"

அந்த அம்மா காலை இறக்கிவிட்டு, பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்து லேசாகத் தலையாட்டி வைத்தார்.

அப்புறம் வாத்தியார் கவிதா பக்கம் திரும்பினார். மாணவியை எடைபோடுகிற பார்வை. நீண்ட நேரம் அப்படியே பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நாதஸ்வரம் சோபாவை விட்டு எழுந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அங்கிள் விரலால் காற்றில் தாளம் போட ஆரம்பித்தார். தொகுப்பில் எந்த இடம் வரப்போகிறது என்று அவருக்கு மனப்பாடம்.

வாத்தியாரின் கண்கள் விரிந்தன. "கெட்டிமேளம்! பொண்ணு பக்கமிருந்து கெட்டிமேளம் கேக்குது!"

மலர் ஆன்ட்டி கையெடுத்துக் கும்பிட்டார். பையனின் அம்மாவும் கும்பிட்டார். சென்சார் மறுபடி நடுவை அமைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் கவிதா என்னைப் பார்த்த பார்வையில் நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். வாத்தியார் ஹெட்போனைக் கழற்றாமலே, தாமானுக்கே கேட்கும்படி பரிசத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார்.

கல்யாணம் முடிந்து கவிதா டுரியான் துங்காலுக்குப் போய்விட்டாள். இப்போது அங்கிள் சோபாவைப் பார்த்து உட்காருவதில்லை. அவள் அறைக் கதவைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் பாட்டைத் தொடங்குகிறார்.

"அந்தப் பக்கம் சத்தம் இருந்தா நல்லா இருக்கும்மா," என்றார் ஒரு நாள், நான் கேட்காமலே.

வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே எனக்கு நல்ல அறை ஒன்று கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடிப்படியில் தடதடவென்று இறங்க, அந்த வீட்டில் ஓர் ஆளாவது வேண்டுமே.