எந்த நாடெண்டாலும் பரவாயில்லை

"ஆருக்கு அண்ணை லப்டொப்?" என்று கேட்டான் கடைக்கார றொஷான்.

பிரகலாதன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. தெரிந்த முகம் ஒன்றும் கண்ணில் படக்கூடாது என்றுதான் அவன் பஸ் மாறி நெல்லியடி வரை வந்திருந்தான்.

"பிள்ளைக்கு. சூம் வகுப்புக்கு."

அவனுக்குப் பிள்ளை இல்லை.

உண்மையில் அவனுக்குத் தேவைப்பட்டது, கட்டப்போகும் வீடுகளுக்குப் படம் கீற ஒரு லப்டொப். சின்ன வயதில் கொங்கிறீற் சுமந்தவன். சீமெந்து தின்ற விரலிடுக்குகள் இன்னும் சொரசொரவென்றுதான் இருந்தன. பிறகு கோப்பாயில் வீட்டுப் படம் கீறிக் கொடுக்கும் பஞ்சலிங்கத்தாரின் கந்தோரில், அவருடைய சின்ன அலுவலகத்தில், சேர்ந்து, அங்கிருந்த பழைய கொம்பியூட்டரில் தொழிலைப் பழகிக்கொண்டான். கீறுவது பிரகலாதன். கீழே பேர் பஞ்சலிங்கத்தாருடையது. இப்போது அரியாலையில், தன் வீட்டு முன்னறையில், தன் பெயரில் ஒரு கந்தோர் போட நினைத்திருந்தான். வெளிநாட்டிலிருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுவிப்பவர்கள் இப்போதெல்லாம் தாளில் படம் பார்ப்பதில்லை. கட்டாத வீட்டைத் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டவேண்டும். கக்கூசு உட்பட.

"கந்தோர் திறக்கும்வரை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்று மனைவி கஜானி சொல்லியிருந்தாள். "என்ரை அண்ணை ஓட்டோ வாங்கப் போறன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவர். நாவூறு பட்டு இண்டைக்கும் பஸ்ஸிலைதான் திரியுறார்."

றொஷான் மலிவாக, மெல்லியதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வீட்டில் அதில் படம் கீறும் மென்பொருளை ஏற்றி முடிப்பதற்குள் கஜானி புட்டு அவித்து, சாப்பிட்டு, கோப்பையும் கழுவிவிட்டாள். பிரகலாதன் ஒரு வீட்டைத் திறந்து மெல்லத் திருப்பினான். பாதி வீடு திரும்பியது. மற்றப் பாதி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு திரை கறுத்துப் போனது.

"வீடு இடிஞ்சிட்டுதோ?" என்றாள் கஜானி.

திரும்பவும் நெல்லியடி.

"சூம் வகுப்புக்குத் திறமான சாமானெல்லோ அண்ணை. பிள்ளை என்ன செய்தது?"

"அது... பிள்ளைக்கில்லை. மச்சானுக்கு. கலியாணவீட்டு வீடியோ வெட்டி ஒட்டுறவன்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே. அதுக்குக் கிராபிக்ஸ் கார்ட் வேணும். றாம் பதினாறு ஜீபியாவது இருக்கவேணும்." றொஷான் பின்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். பிரகலாதன் விலைச்சீட்டைப் பார்த்தான். வாங்க நீட்டிய கை தானாகவே கீழே இறங்கியது.

"அப்ப வெளிநாட்டிலையிருந்து வாற பாவிச்ச சாமான் பாப்பம். அம்பிட்டால் போன் எடுத்துச் சொல்லுறன்" என்ற றொஷான், மெல்லியதை அரைவிலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டான்.

அடுத்த கிழமை றொஷான் போனில் கூப்பிட்டபோது பிரகலாதன் கந்தோரில் இருந்தான். பக்கத்து மேசையில் பஞ்சலிங்கத்தார் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓம், சொல்லுங்கோ" என்றான் பிரகலாதன் குரலைத் தாழ்த்தி. "எந்த நாடெண்டாலும் பரவாயில்லை... ஓம், காசு முழுக்க ஒரேயடியாத் தாறன்... சீச்சீ, இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. மனிசிக்கு மட்டும்தான்."

பஞ்சலிங்கத்தாரின் கிளாஸ் வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"ஆர் தம்பி?"

"தெரிஞ்ச ஆள் ஐயா. சும்மா."

யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதன் இந்த மூன்று விஷயத்தையும் ஒரே மூச்சில் இரகசியமாகக் கதைத்தால், மறுமுனையில் இருப்பது ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஏஜென்சிக்காரன்தான். பஞ்சலிங்கத்தார் அதைத் தன் மனைவி பாலேஸ்வரிக்கு மட்டும் சொன்னார். பாலேஸ்வரி கோயிலில் வேண்டியவர்களுக்கு மட்டும் சொன்னாள்.

இரண்டு நாளில் அரியாலையில் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா ஒரு பார்சலோடு வந்து நின்றாள். கடதாசியைத் தாண்டிக் கருவாடு மணத்தது.

"தம்பி, இதை என்ரை மகன் ஜெறோமிட்டைக் குடுத்துவிடும். சுவிசிலை இருக்கிறான்."

"நான் ஒரு இடமும் போகேல்லையணை."

"ஓமோம். போறவை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. எந்த நாடெண்டு நான் கேட்டனானே? எங்கை இறங்கினாலும் அங்கையிருந்து சுவிசுக்கு ரெயினிலை போகலாமாம்."

பார்சல்கள் சேர்ந்தன. மிளகாய்த்தூள், ஒடியல்மா, எள்ளுப்பாகு. லண்டனுக்கு ஒரு அம்மிக்குழவி. போனில் கதைத்தது லப்டொப்புக்காக என்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பிரகலாதன் யோசித்தான். கஜானி விடவில்லை.

"இப்ப சொன்னால் பஞ்சலிங்கத்தாரின்ரை காதுக்குப் போகும். லப்டொப்பும் இல்லை, வேலையும் இல்லை. போகேல்லை எண்டு செய்து காட்டுங்கோ."

சனிக்கிழமை அவன் கூரையில் ஏறி ஓடு மாற்றினான். முதுகு வெடிக்க மதிலுக்கு வெள்ளையும் அடித்தான். ஊர் நின்று பார்த்தது.

"கண்டியளே, வாடகைக்கு விடத்தான் திருத்துறான்" என்றாள் லூர்த்தம்மா.

திங்கட்கிழமை பஞ்சலிங்கத்தார் கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார்.

"தம்பி, ஒண்டு கேப்பன், மறைக்காமல் சொல்லும். இந்தக் கந்தோரிலை உமக்கு ஆசை இருக்கோ?"

தான் போட்டிக்குக் கடை போடப்போவது தெரிந்துவிட்டது என்று பிரகலாதன் நினைத்தான்.

"எனக்கென்ன ஆசை ஐயா. கீறச் சொன்னதைக் கீறுறன். அவ்வளவுதான்."

"உதை யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"சத்தியமா ஐயா."

பஞ்சலிங்கத்தார் எழும்பினார். பிறகு கதிரையைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தப்பிவிட்டோம் என்று பிரகலாதன் மூச்சு விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை றொஷான் போனில் கூப்பிட்டான்.

"அண்ணை, உடனை வாங்கோ. பிரான்சிலையிருந்து வந்தது. பெரிய கிராபிக்ஸ் கார்ட். வாங்கினவை ஒருநாளும் பாவிக்கேல்லை. ஏதோ அவசரமாம், கேட்ட விலைக்குக் குடுத்திட்டினம்."

கஜானியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. லப்டொப் வீட்டுக்கு வந்தது. மஞ்சள் பூப்போட்ட சீலையில் கையால் தைத்த உறை. அலுமாரிக்குள் கிடந்த பூச்சி உருண்டை மணம். பிரெஞ்சுக்காரரின் விசைப்பலகை என்பதால் ஒன்றை அழுத்த வேறொன்று விழுந்தது. சுமக்காத சுமையா, இதையும் பழகிவிடலாம் என்று நினைத்தான். வீட்டைத் திருப்பினான். முழு வீடும் சுவரோடு, கூரையோடு, கக்கூசோடு வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"இன்னொருக்காத் திருப்புங்கோ" என்றாள் கஜானி.

ஞாயிறு பின்னேரம் பாலேஸ்வரி வந்தாள். கையில் ஒரு பை. இன்னொரு பார்சல் என்று நினைத்துப் பிரகலாதன் சோர்ந்துபோனான்.

"பயப்பிடாதேயும், உமக்குத்தான். கொஞ்சம் பயித்தம் பணியாரம்." கதிரையில் இருந்தாள். "நாங்களும் வாற கிழமை மகனிட்டைப் பிரான்சுக்குப் போறம் தம்பி. விசா கைக்கு வருமட்டும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாவூறு பொல்லாததெல்லோ. உமக்குத் தெரியாததே, நீரும் அப்பிடித்தானே ஒளிச்சு வைச்சிருக்கிறீர்."

பிரகலாதனுக்குச் சிரிப்பு வந்தது. முதலாளியே போகிறார். இனி யாருக்குப் பயம்?

"அம்மா, நான் ஒரு நாட்டுக்கும் போகேல்லை. எனக்கெண்டு ஒரு கந்தோர் போடத்தான் இவ்வளவு ஒளிப்பும். இஞ்சை பாருங்கோ, லப்டொப்பும் வாங்கியிட்டன்."

உறையோடு தூக்கி அவள் மடியில் வைத்தான். பாலேஸ்வரி திறக்கவில்லை. மஞ்சள் பூவைத் தடவினாள். தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ரை அறை யன்னல் சீலை" என்றாள் மெதுவாக. "நான்தான் தைச்சனான்."

கஜானி தேத்தண்ணீரோடு வாசலில் நின்றாள்.

"மகன் அனுப்பின இதையும், கந்தோரையும் உம்மட்டைச் சும்மா விட்டிட்டுப் போறதெண்டுதான் இவர் இருந்தவர் தம்பி, நீரும் வெளிக்கிடுறீர் எண்டபடியால்தான் இரண்டையும் வித்தவர்."