லேசாத்தான் அமுக்கினேன்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு டெல்லிக்கு வந்து, முனிர்காவில் மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் கடை போட்டேன். பாதி நாள் கரண்ட் இருக்காது, கடை இருந்தது. பல்கலைக்கழக விடுதிகளில் பாதி அறைகளில் ஓடியது நான் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்தான். இந்தியில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாமலே இந்திக்காரர்களிடம் வியாபாரம் செய்து வீடு கட்டினேன், மகளை இன்ஜினியராக்கினேன். விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் போட்டுக்கொள்கிற லினக்ஸை முனிர்காவுக்குக் கொண்டுவந்ததும் நானே. (அப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னது இளங்கோ. சிடியைக் கீறல் விழாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது நான்.) இவ்வளவையும் கட்டியவன் ஒரே ஒரு தடவை ஒன்றைக் கவிழ்த்தேன். வீட்டில் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இளங்கோ எங்கள் மாடி அறையில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவன், கோவில்பட்டிக்காரன். என் மனைவி பேச்சியம்மாளை மதினி என்று கூப்பிட்டுக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தானே தட்டை எடுத்துவைத்து உட்காருவான். லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். கிட்வாய் நகர் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் அதை எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு. தலைமை தாங்க வருகிற பெரிய அதிகாரிக்குப் பிடித்துவிட்டால் டெல்லியிலேயே அவனுக்கு வேலை. இல்லையென்றால் உதவித்தொகை முடிந்ததும் பெட்டி கட்ட வேண்டியதுதான். நான் அவனைக் கேட்காமலே முடிவு செய்திருந்தேன்: அவன் எங்கள் மாடியிலேயே இருப்பான், கடைப் பலகையில் என் பெயருக்குக் கீழே அவன் பெயரும் இருக்கும்.

லினக்ஸில் ஒரு மென்பொருள் தனியாக வராது. மாமா வந்தால்தான் பந்தியில் உட்காருவேன் என்கிற சொந்தக்காரர் மாதிரி, இன்ன லைப்ரரி என்கிற துணைநிரல், அதுவும் இன்ன பதிப்பு இருந்தால்தான் இறங்குவேன் என்று சொல்லும். இளங்கோவின் பேக்கேஜ் பழைய பதிப்பைக் கேட்டது. சங்கத்துக்கு நான் விற்று, விழா வரை எங்கள் வீட்டிலேயே வைத்திருந்த கம்ப்யூட்டரில் இருந்ததோ புதியது. (லேட்டஸ்ட் ஹை க்யா பையா, புதுசுதானா அண்ணே, என்று கேட்காத வாடிக்கையாளர் டெல்லியில் கிடையாது. அதனால் என் கடையிலிருந்து பழசு எதுவும் போனதில்லை.)

"அண்ணே, புதுப் பதிப்புக்குத் தக்கன இதத் திரும்பக் கட்டணும். விழாவுக்கு முன்ன நானே வந்து செஞ்சிருதேன். நீங்க தொட்டுராதீக," என்று சொல்லிவிட்டுப் பேராசிரியரைப் பார்க்கப் போனான்.

தொடாமல் இருக்கிற கையா இது? எங்கள் தொழிலில் ஒரு கார்டு பள்ளத்தில் உட்காரவில்லை என்றால் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவோம், உட்கார்ந்துவிடும். லினக்ஸிலும் அந்தக் கட்டைவிரல் உண்டு. கட்டளையின் பின்னால் ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் கேள்வி கேட்காமல் இறங்கும். இளங்கோ ஒருமுறை அடித்ததைப் பார்த்திருந்தேன். பழைய லைப்ரரியைப் புதியதன் தலைமேலேயே இறக்கி, அதன்மேல் இளங்கோவின் பேக்கேஜையும் இறக்கினேன். ஒரு முனகல் இல்லை.

திறந்தது. ஒற்றை விரலால் பேச்சியம்மாள் என்று அடித்தேன். அவள் மாவுக் கையோடு வந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எட்டிப் பார்த்து, "யே மம்மி கா நாம் ஹை?" என்று, அம்மா பேரா இது என்பதை இந்தியில் கேட்டாள். அந்தச் சாயங்காலத்தை இப்போது யாராவது திருப்பிக் கொடுத்தால் கட்டின வீட்டைக் கொடுத்துவிடுவேன்.

இளங்கோவுக்குப் போன் போட்டு, வேலை முடிந்தது, நீ சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நேராக மண்டபத்துக்கு வா என்றேன். எப்படி என்று கேட்டான். வந்து பார் என்றேன்.

கம்ப்யூட்டரை அணைத்து ஆட்டோவில் ஏற்றினேன். அங்கேதான் வினை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை பழைய மரியாதைக்கு ஓடியிருக்கின்றன. மண்டபத்தில் மறுபடி போட்டபோது, புதிய லைப்ரரியை நம்பியிருந்த ஒவ்வொன்றும் எழுந்து பார்த்து, அது இல்லை என்றதும் படுத்துவிட்டது. மண்டபம் நிறைந்த சபை, மாலை போட்ட அதிகாரி, நடுவே கறுப்புத் திரை. மூலையில் ஒரு கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டியது.

நான் மைக்கைப் பிடித்து, டெல்லிக் குளிரில் மிஷின் விறைத்திருக்கிறது, கொஞ்சம் சூடானால் வந்துவிடும் என்று அறிவித்தேன். அறிவித்ததோடு விட்டிருக்கலாம். என் சால்வையை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினேன். முன்வரிசையில் ஒரு குழந்தை கைதட்டியது. அதிகாரி டீ குடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

இளங்கோ திட்டவில்லை. சால்வையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"அமுக்குனீகளாண்ணே?"

"லேசாத்தான்."

சிரித்தான். கோடைக்கு முன்னே அறையைக் காலி செய்து பெங்களூர் போனான். அங்கிருந்து ஜெர்மனி. மாடியை நான் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. (தண்ணீர் வசதி சரியில்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். தண்ணீர் நன்றாகவே வரும்.)

இன்றைக்கும் நான் குக்கர் மூடியை அழுத்தித் திருகினால் பேச்சியம்மாளின் குரல் வரும். "அமுக்காதீக. போன தடவ அமுக்குனதுல ஒருத்தன் ஜெர்மனிக்கே போயிட்டான்." மருமகன் வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த மென்பொருள் வளர்ந்து எங்கெங்கோ ஓடுகிறதாம். மகள் அதன் குறிப்பைத் திறந்து எனக்கு இந்தியில் விளக்கினாள். எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை சேரும் என்று வரம்பு கட்டி, கட்டாயப்படுத்தி இறக்காதீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறான். கீழே உதவியவர்கள் பெயர்கள். ஐகான் வரைந்தவன் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

இளங்கோ, அந்த முதல் வரி யாரால் வந்தது? ஒரு சபையே பார்க்க அதைச் சோதித்துக் கொடுத்தவன் யார்? என் பெயரைப் போடு. முனிர்கா என்றும் சேர்த்துப் போடு. போட்டாயிற்று என்று போனில் சொன்னால் நம்பமாட்டேன். நேரில் வந்து, மாடியில் உட்கார்ந்து, திறந்து காட்ட வேண்டும்.