சாமியும் துள்ளுப்பூச்சியும்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவதென்று முடிவு செய்து மாலை போட்டுக்கொண்டேன். பக்தி என்று நீங்கள் நினைத்தால், என்மேல் உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் என்று அர்த்தம். மாலை போட்டவனை வீட்டில் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டக் கூடாது. கேஸ் சிலிண்டர் தூக்கச் சொல்லக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து "இந்தா பாருங்க" என்று மட்டுமே அழைத்த என் மனைவி புவனா, "சாமி, காப்பி ஆறுது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு இடைஞ்சல். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டும். கொடைக்கானலில், மார்கழியில்! பக்கெட்டில் கைவிட்டு எடுத்தால் விரலெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புவனாவோ குளியலறையை சாமிக்கென்று ஒதுக்கிவிட்டு, பின்கட்டில் அடுப்போரம் ஆவி பறக்க வெந்நீரில் குளித்தாள்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். கதவைத் தாழிட்டுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஜன்னல் வழியே வெளியே வீசினேன். ஒவ்வொரு சொம்புக்கும் தெருவே கேட்கும்படி "முருகா!" என்று ஓர் அலறல். முன்முடியை மட்டும் நனைத்து, நெற்றி நிறைய விபூதி பூசினால் குளித்த சாமி தயார்.

அப்போதுதான் அந்தப் பூச்சி வந்தது.

"சாமி, ஸ்டோர் ரூம் சுவத்துல என்னமோ பொடிப்பொடியாத் துள்ளிக்கிட்டுக் கெடக்கு. எங்கண்ணன் பூம்பாறையிலருந்து குடுத்துவிட்ட பூண்டெல்லாம் அங்கதான் தொங்குது. வெரசா வந்து என்னன்னு பாருங்க."

நான் வாட்ச் ரிப்பேர்க்காரன். செல்போன் வந்தபிறகு கடையில் ஈ ஓட்டுகிறேன். பூச்சி எனக்குப் புதிதல்ல. வாட்ச் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எள்ளில் பாதி இருந்தது. ஆறு கால். வயிற்றுக்கடியில் மடக்கி வைத்திருந்த வாலை விசிறி எம்பியது. காய்ந்த தாளில் விட்டேன், சுருண்டது. ஈரத்துணியை வைத்தேன், ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"கடிக்காது. எதையும் அரிக்காது," என்றேன். "ஆனா ஈரம் இருக்கிற எடத்துலதான் உசுரோட இருக்கும். உங்கண்ணன் பூண்டை நல்லாக் காயப்போடாம அனுப்பிட்டாரு. அதான் சோலி."

மச்சான் வேலப்பனைக் குறை சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை எப்படி விடுவது?

"ஈரம் இல்லாத எடத்துல இருக்கவே இருக்காதா, சாமி?"

"ஒண்ணுகூட இருக்காது. மாலை மேல சத்தியம்!"

புவனா பூண்டை அவிழ்த்து உதறினாள். சருகாய்க் காய்ந்திருந்தது, ஒரு பூச்சி இல்லை. என் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றித் தன் கண்ணில் இடுக்கிக்கொண்டாள். குளியலறைக்குள் போனாள். மூலை மூலையாகப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணுகூட இல்லையே, சாமி?"

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போனாள். ஜன்னலுக்கு நேர் எதிரே ஸ்டோர் ரூமின் வெளிச்சுவர். பாசி பிடித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. மிளகுத்தூளைக் கொட்டியதுபோல லட்சோபலட்சம் பூச்சிகள் அங்கே கும்மாளம் போட்டன.

திரும்பி வந்து லென்ஸோடு என்னைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"உங்க மேலயும் ஒண்ணுகூட இல்ல, சாமி."

"புவனா, அது வந்து..."

"சாமியத் திட்டினா எனக்குப் பாவம் சேரும். நான் ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான். தப்பித்தேன் என்று அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வெள்ளனே எழுந்து போனால், குளியலறை ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. உள்ளே பச்சை வேட்டியோடு மச்சான் வேலப்பன். பாதயாத்திரைக் கூட்டத்துக்கே குருசாமி அவர். பூண்டு விஷயம் காதுக்குப் போய், கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். கையில் நிறைந்த பக்கெட்.

"குனிங்க, சாமி," என்றார். "என் பூண்டு மாதிரி நீங்களும் ரொம்பக் காஞ்சு கெடக்கீங்களாம்."

மாலை போட்டபிறகு முதல் தடவையாக, அன்றைக்குத்தான் நான் மனசார "முருகா!" என்றேன்.