ஒரு மேஜையும் பதினாறு ஜி.பி.யும்

"அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர் பறக்கும். பறக்கலைன்னா மேஜை உனக்கு! போதுமா?"

இப்படி மார்தட்டிச் சபதம் போட்டவர், மரச்சாமான் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிறவர். நாற்காலிக்கு நாலு கால் இருந்தால் மட்டும் போதாது, நாலும் ஒரே உயரம்தானா என்று குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் மில்லிமீட்டர். தொழிற்சாலையில் ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்காத மனுஷன். வீட்டில் அவருக்கு ஒரு மில்லிமீட்டர் இடம்கூட மிச்சமில்லை என்பதுதான் இந்தக் கதை.

மனைவி டெயிலர். முன்னறையில் அவளுடைய தையல் மிஷின், இஸ்திரிப்பெட்டி, துணி மூட்டை, தலையில்லாத பொம்மை ஒன்று. அந்தச் சாம்ராஜ்ஜியத்துக்கு நடுவே மில்லிமீட்டருக்கென்று இருந்தது ஒரே ஒரு மேஜை. அதன்மேல் பத்து வருஷத்துக் கேம் கம்ப்யூட்டர். வாங்கின புதிதில் அதன் வயிற்றுக்குள் நீலமும் சிவப்புமாக விளக்கெல்லாம் எரியும். இப்போது பெருமூச்சு மட்டும்தான் வருகிறது. ஞாயிறு தவறாமல் தொழிற்சாலை ஆட்கள் நாலு பேர் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து கோட்டை பிடிக்கும் கேம் ஆடுவார்கள். நம் ஆள்தான் கேப்டன். எதிரி வாளை ஓங்கும் நேரம் பார்த்துத் திரை உறைந்துவிடும். மறுபடி அசையும்போது கேப்டன் செத்துக் கிடப்பார்.

"ஏங்க, ஓடாத சாமானுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய மேஜை? எனக்குத் துணி வெட்ட இடமில்லை. இதைத் தூக்கிப் பரண்ல போட்டுடலாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி ஆரம்பித்தாள்.

"ஓடாத சாமானா? ரேம் பத்தலை, அவ்வளவுதான்! ரேம்னா ஞாபகசக்தி. அதைக் கூட்டினா குதிரை மாதிரி ஓடும்."

"எப்போ கூட்டுவீங்க?"

அதற்குத்தான் அந்தச் சபதம். மனைவி காலண்டரில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைச் சாக்பீஸால் வட்டம் போட்டாள். கேப்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். மேஜை போனால் கம்ப்யூட்டர் போச்சு, கம்ப்யூட்டர் போனால் வீட்டில் அவர் உட்கார மிச்சமிருப்பது செருப்பு ஸ்டாண்டுதான்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் திறந்தார். பழைய ரேமைப் பிடுங்கினார். வேறொருவராக இருந்தால் அதன்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்திருப்பார். இவர் ஸ்கேலை எடுத்தார்.

"நீளம் நூத்தி முப்பத்திமூணு மில்லிமீட்டர். உயரம் முப்பது. எழுதிக்கோ!"

"எழுதிக்கிட்டேன். அந்த ஸ்டிக்கர்ல என்னவோ போட்டிருக்கே?"

"அதெல்லாம் விளம்பரம். அளவு பொய் சொல்லாது."

"சரிங்க. எவ்வளவு போடப் போறீங்க?"

"இப்போ எட்டு ஜி.பி. இருக்கு. இன்னும் ஒரு நாலு சேர்த்தா தாராளம்."

"செய்யுறதை முழுசாச் செய்யுங்க. பதினாறாப் போட்டுடுங்க. ஒரு மனுஷன் ஆசையா ஆடுறதுல கஞ்சத்தனம் எதுக்கு?"

மில்லிமீட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஆசையை அவள் இப்படி மதித்ததே இல்லை. பாவம், அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

போனிலேயே ஆர்டர் போட்டார். புதன்கிழமை பார்சல் வந்தது. அளந்தார். அதே நூற்று முப்பத்துமூன்று. "பார்த்தியா!" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பழையதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை மாட்டப் போனார். போகவில்லை. திருப்பி வைத்தார். ஊஹூம். கட்டைவிரல் சிவக்க அழுத்தினார். மதர்போர்டே வளைகிற மாதிரி ஒரு முனகல் கேட்டது.

"ஐயையோ, என்னங்க மல்யுத்தம் பண்றீங்க? கொடுங்க இப்படி." மனைவி பழையதையும் புதியதையும் முதுகோடு முதுகாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "கீழே ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. இதுல இங்கே இருக்கு, அதுல தள்ளி இருக்கு."

"நீளம் ஒண்ணுதானே?"

"சட்டை நீளம் சரியா இருந்தாப் போதுமா? பட்டன் ஒரு இடத்துல, காஜா ஒரு இடத்துலன்னா எப்படிப் போடுவீங்க?"

மில்லிமீட்டருக்கு மூக்கு உடைந்தது. ஒரு விரல் அகலம்கூட இருக்காது அந்த வித்தியாசம். ஊரான் நாற்காலியில் அரை மில்லிமீட்டரைப் பிடிக்கிற மனுஷனுக்கு இது கண்ணில் படவில்லையே என்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பழசும் புதுசுமாக இரண்டு ரேமையும் எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்தபடி இரண்டையும் திருப்பிப் பார்த்தாள்.

"பழசு மூணாம் தலைமுறை சார். நீங்க வாங்கினது நாலு. தலைகீழா நின்னாலும் உள்ளே போகாது. போர்டு என்ன மாடல்?"

"போர்டா? நீளம் வேணும்னா சொல்றேன்."

கடைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "போட்டோ இருக்கா?" இருந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது பதினாறு வரைக்கும் தாங்கும். எட்டு எட்டா ஒரே ஜோடியாத் தர்றேன். பழசையும் புதுசையும் கலந்து போடாதீங்க. வேகம் வேற வேறயா இருந்தா, வேகமானதும் மெதுவானதுக்குப் பின்னாடியேதான் நடக்கும்."

"எங்க வீட்டுக் கதை மாதிரி."

"அதுல யார் சார் மெதுவு?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியை எடுத்து வைத்தவள், "அதிசயம் சார். போன மாசம் ஒரு அம்மா இதே போர்டைப் போட்டோ எடுத்துட்டு வந்து, இதுக்குப் பதினாறு போட முடியுமான்னு கேட்டாங்க. கழுத்துல இன்ச் டேப்பைக் கழட்டக்கூட மறந்துட்டு வந்திருந்தாங்க" என்றாள்.

உலகத்தில் எத்தனை டெயிலரோ, எத்தனை பழைய கம்ப்யூட்டரோ என்று நினைத்துக்கொண்டு மில்லிமீட்டர் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. புது ஜோடி உள்ளே இறங்கியது. பட்டனை அமுக்கினார். பீப், பீப், பீப் என்று அலறியது. திரையில் ஒன்றுமில்லை. மில்லிமீட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார், செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார்.

"கரண்ட்டை நிறுத்திட்டு இன்னொரு தடவை அழுத்துங்க. ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வரணும், பிரஸ் பட்டன் மாதிரி" என்றாள் மனைவி, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே.

டக். டக். திரை வெளுத்தது. பதினாறு என்று எண் வந்தது. கோட்டை, குதிரை, கொடி எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடின. எதிரி வாளை ஓங்கினான். இந்த முறை செத்தது எதிரி. மில்லிமீட்டர் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார்.

"ஜெயிச்சுட்டேன்! மணி அஞ்சே முக்கால்!"

"ஜெயிச்சுட்டீங்க. கம்ப்யூட்டர் இனிமே இந்த மேஜையை விட்டு நகராது. நான் பேச்சு மாறமாட்டேன்." மனைவி அருகில் வந்தாள். கையில் ஒரு பென் டிரைவ். "கொஞ்சம் எழுந்திரிங்க."

எழுந்தார். அவள் உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினாள். திரையில் கோட்டை மறைந்து கட்டம் போட்ட வெள்ளைத் தாள் விரிந்தது. அதில் ஒரு சட்டைக் கை, ஒரு கழுத்துப் பட்டி.

"துணி வெட்டுற படம் வரையுற புரோகிராம். ஒரு அளவுக்கு வரைஞ்சா மத்த அளவெல்லாம் தானே வந்துடும். ஆஸ்பத்திரி நர்ஸுங்களுக்கு அறுபது யூனிஃபார்ம் ஆர்டர் கேட்டிருக்கேன். நாளைக்கு மாதிரி காட்டணும். இதுக்குப் பதினாறு ஜி.பி. வேணும்னு போட்டிருந்தது."

"அப்போ... மேஜை வேணும்னு கேட்டது?"

"ரேம் போடுங்கன்னு ரெண்டு மாசமா உங்க காதுல சங்கு ஊதினேன். பார்க்கலாம், பார்க்கலாம்னீங்க. மேஜையைக் கேட்டேன். ஏழே நாள்ல முடிஞ்சுது."

 மில்லிமீட்டருக்குக் கோபம்தான் வர வேண்டும். ஆனால் எம் அளவு எல் ஆகி, எல் அதைவிடப் பெரிதாகித் திரையில் வரிசையாக எழுந்து நிற்பதையும், அதைப் பார்த்து அவள் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டியதையும் பார்த்ததும், வந்தது பெருமைதான். இவ்வளவு கெட்டிக்காரியா நம் வீட்டில் இருக்கிறாள் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

"பட்டனுக்குப் பட்டன் எழுபது மில்லிமீட்டர் விடணும். இந்த வீட்டுல அதை உங்களைவிட யாருங்க சரியாப் பார்ப்பாங்க?" என்று மாதிரிச் சட்டையையும் ஊசி நூலையும் அவர் மடியில் வைத்தாள். அவர் தன்னை அறியாமல் ஸ்கேலை எடுத்தார்.

மணி ஆறு. மேஜைமேல் கிடந்த ஹெட்ஃபோனுக்குள் மூன்று குரல்கள் கூச்சல் போட்டன. "கேப்டன்! எங்கே இருக்கீங்க? கோட்டை வாசல்ல எதிரி வந்துட்டான்!"

மனைவி மைக்கை வாய்ப்பக்கம் இழுத்தாள்.

"கேப்டன் பட்டன் தைச்சுட்டிருக்கார். எதிரியைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்க."