மணியைக் கும்பிட்ட கதை

தொண்டை பெரிதாக வாய்த்தவனுக்குத் தான் பெரிய ஆள் என்ற நினைப்பும் கூடவே வாய்த்துவிடும். எனக்கு வாய்த்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் நான் பி.டி. வாத்தியார். மைதானத்தின் இந்தக் கோடியில் ‘அட்டென்ஷன்’ என்று நான் கத்தினால், அந்தக் கோடியில் மேய்கிற மாடு நிமிரும். (மாணவர்கள் நிமிர்வார்களா என்று கேட்காதீர்கள்.) போதாததற்குக் கழுத்தில் எப்போதும் ஒரு விசில். குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். அதுவும் கல்யாணமான புதிதில் மல்லிகா போட்ட சண்டைக்குப் பிறகுதான்.

இப்படிப்பட்டவனிடம் வந்து சேர்ந்த நாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது.

அது எனக்குத் தெரியாது. வெள்ளை வெளேரென்று வந்த குட்டிக்கு மணி என்று பெயர் வைத்து, மறுநாளே பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். “சிட்!” என்று கத்துவேன். அது எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். கால் வலித்தால் எப்போதாவது உட்காரும். உடனே மல்லிகாவைக் கூப்பிட்டு, “பாத்தியா, வழிக்கு வந்துட்டான்” என்பேன். தீபாவளியன்று சரவெடிச் சத்தத்தில் தெருநாய்கள் எல்லாம் ஓடி ஒளிய, மணி மட்டும் வாசற்படியில் குறட்டை விட்டுத் தூங்கியது. “இதுக்குப் பேருதான் டிரெய்னிங்” என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னேன்.

மல்லிகாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. தூங்குகிற மணியின் தலைமாட்டில் நின்று இட்லிக் குண்டானை மூடியால் ஓங்கித் தட்டினாள். அதன் மீசைகூட அசையவில்லை.

“இன்னாங்க, இவனுக்குக் காதே கேக்கலங்க. இத்தினி நாளா யாருகிட்ட கத்திக்கினு இருந்தீங்க?”

கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு இப்படி உண்டாம்.

அந்த வாரமே கேட் திறந்திருந்த நேரத்தில் மணி நடுரோட்டில் போய் நின்றது. பின்னால் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறது. மணி ஒரு தட்டானைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவர் புண்ணியவான், பிரேக் போட்டார். மாடி பால்கனியிலிருந்து அதைப் பார்த்த ஹவுஸ் ஓனர் வனஜா அம்மா, செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தார்.

“சார், எனக்கு நாய் மேல கோவம் இல்ல. ஹார்ன் அடிச்சாலும் திரும்பாத ஜீவனை ரோட்டோர வூட்ல எப்படி வெச்சிக்கினு இருக்கறது? என் கண்ணு முன்னாடி அடிபட்டுச்சுன்னா எனக்குச் சோறு இறங்காது. ஒலக்கூர்ல எங்க தம்பி கழனியில மோட்டார் கொட்டாய் இருக்குது. அங்க சங்கிலி போட்டுக் கட்டிட்டா பத்திரமா இருக்கும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஆயுசு முழுக்கச் சங்கிலி என்றதும் மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வழக்கம்போல வாயை விட்டேன்.

“பங்குனியில விழுப்புரத்துல நாய்ங்களுக்குப் போட்டி நடக்குதும்மா. சொன்னபடி உக்காரணும், தாண்டணும், வளைஞ்சி ஓடணும். அதுல நான் சொல்றத இவன் கேக்கறான்னு காட்டறேன்.” (‘கேக்கறான்’ என்ற சொல்லை யோசித்துச் சொல்லவில்லை.)

“கேக்கலன்னா?”

“நானே ஒலக்கூருக்குக் கொண்டுபோய் வுட்டுடறேன்.”

“சரி. நானும் வந்து பாக்கறேன்” என்றார்.

கொல்லைப்புறத்தில் செங்கல் அடுக்கிச் சவுக்குக் கம்பு வைத்தோம், தாண்டுவதற்கு. பழைய ஃப்ளெக்ஸ் பேனரைச் சுருட்டிக் குகை செய்தோம். டயர் மேல் பலகை போட்டதும் ஏற்ற இறக்கப் பலகை தயார். நாய் மட்டும் தயாரில்லை. எனக்குத் தெரிந்த டிரில் சைகைகளை எல்லாம் காட்டினேன். மணி கொட்டாவி விட்டது. பத்தாம் நாள் மதியம், வெயிலில் மண்டை காய்ந்து, இரண்டு கையையும் கூப்பி, “உனக்குக் கோடிப் புண்ணியம், உக்காரு சாமி” என்றேன்.

மணி உட்கார்ந்தது.

அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலைதான்) உரித்து ஒரு பருப்புக் கொடுத்தேன். மறுபடி கும்பிட்டேன். மறுபடி உட்கார்ந்தது. என் கையை ஒரு முறை, முகத்தை ஒரு முறை பார்த்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தனை வருஷம் மைதானத்தில் கத்தியிருக்கிறேன். என்னை இப்படி ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஆச்சரியம்தான். இரண்டு கையையும் மேலே தூக்கினால் தாண்டும். கைகளை விரித்தால் ஓடி வரும். நான் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதே, தரையில் மோவாயை வைத்துப் படுத்திருக்கும் மணி எழுந்து கேட்டுக்குப் போய்விடும் என்றாள் மல்லிகா. காதில்லாமல் தரையைக் கேட்டிருக்கிறது! காது இரண்டும் ஒழுங்காக உள்ள நான், அவள் பேசுவதில் பாதியைக் காதில் வாங்குவதில்லை.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “போற எடத்துல வேற யாராச்சும் கும்பிட்டா இன்னாங்க பண்றது?”

“நாய்ப் போட்டியில எவன் கும்பிடப் போறான்?” என்றேன். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவன் சொன்ன வார்த்தை இது.

விழுப்புரம் மைதானத்தில் கயிறு கட்டிய வட்டத்துக்கு வெளியே லேப்ரடார், அல்சேஷன், பக் என்று நாற்பது நாய்கள் இருக்கும். எங்கள் முறை வந்தது. கையைத் தூக்கினேன். மணி தடைகள் மூன்றையும் தாண்டியது. குகைக்குள் புகுந்து வெளியே வந்ததும் என் கையைத்தான் தேடியது. கம்புகளுக்கிடையே தண்ணீர் மாதிரி வளைந்து ஓடியது. முன்வரிசையில் வனஜா அம்மா எழுந்தே விட்டார். இனிப் பலகை ஒன்றுதான் பாக்கி.

மணி பலகையின் நடுவில் இருந்தபோது அதற்கு நேர் எதிரே சிறப்பு விருந்தினர் மேடையேறினார். ஏறியவர், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மணி பலகையிலேயே உட்கார்ந்தது.

நான் பதறிக் கையைத் தூக்குவதற்குள் கூட்டம் கைதட்ட, விருந்தினர் மகிழ்ந்து இரண்டு கையையும் தூக்கி அசைத்தார். மணி பலகையிலிருந்து பாய்ந்து, கயிற்றையும் தாண்டியது. அந்த நேரம் பார்த்தா அவருக்கு ஆளுயர மாலை வர வேண்டும்? வாங்குவதற்கு இரண்டு கைகளையும் அகல விரித்தார். மணி மேடைக்கே ஓடியது.

மாலை ஒரு பக்கம், கொண்டுவந்தவர் ஒரு பக்கம். விருந்தினர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு, “சாமி, கடிச்சிடாத” என்று கும்பிட்டார். மணி அவர் காலடியில் பணிவாக உட்கார்ந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, “ஜல்தியா கூட்டிக்கினு போங்க சார்!” என்று கெஞ்சினார்கள். எட்டுப் பேர் கும்பிட்டால் ஒரு நாய் எப்படி எழும்? முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. என் கையை அது பார்க்க வழியில்லை.

அப்போதுதான் என் வாழ்நாள் முட்டாள்தனத்தைச் செய்தேன். பழக்கதோஷத்தில் விசிலை வாயில் வைத்து, உயிரைக் கொடுத்து ஊதினேன்.

மைதானம் அதிர்ந்தது. நாற்பது நாய்களும் கிளம்பின. லேப்ரடார் ஜூஸ் கடைக்குள் புகுந்தது. அல்சேஷன் தன் எஜமானரைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. ஒரு பக் மைக் செட்காரர் மடியில் ஏறி, அவரைவிட நன்றாக மைக்கில் பேசியது. அத்தனை அமளியிலும், இட்ட கட்டளைப்படி உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு நாய்தான்.

வனஜா அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையோரம் போனார். மணியின் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் விரித்தார். மணி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் போனது. அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அவித்த மல்லாட்டை.

நான் வாயைப் பிளந்தேன்.

“இன்னா பாக்கறீங்க? மாடியில இருந்து பாத்துக்கினுதான இருந்தேன். நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் எங்கிட்டயும் டெய்லி ரெண்டு வாட்டி பண்ணுவான்.”

நடுவர் கொடுத்த சீட்டில் ‘தகுதி நீக்கம். காரணம்: உரிமையாளர் விசில் ஊதியது’ என்று இருந்தது. நாயைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “தோத்துட்டோம்மா. சொன்ன சொல்லு சொல்லுதான், ஒலக்கூருக்கு...” என்று இழுத்தேன்.

“யாரு தோத்தா?” என்றார் வனஜா அம்மா. “இருந்த அத்தினி நாயும் ஓடுச்சு. ஒழுங்கா உக்காந்தவன் இவன் ஒருத்தன்தான். பேஜாரு பண்ணது நீங்க. மோட்டார் கொட்டாயில கட்டறதுன்னா உங்களத்தான் கட்டணும்.”

கேட்டுக்கு மட்டும் அன்றைக்கே இரட்டைத் தாழ்ப்பாள் போட்டார். மணி எங்களோடுதான் இருக்கிறது. சாயங்காலம் மல்லிகா விளக்கேற்றிக் கும்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், “இன்னா பக்தி பாரு!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நாங்கள் மறுப்பதில்லை.

விசில் இப்போது பள்ளி அலமாரியில் இருக்கிறது. தொண்டைதான் அவ்வளவு சுலபத்தில் அடங்குவதில்லை. வீட்டில் என் குரல் ஏறும்போதெல்லாம் மல்லிகா என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்புவாள். மணி உடனே உட்காரும். நானும் உட்கார்ந்துவிடுவேன்.