எல்லாவற்றுக்கும் ஈஸ்ட்ரோஜன்

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார்; இல்லையென்றால் பக்கத்து அலுவலகத்தில் நிச்சயம் இருப்பார். உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு ஒரே காரணத்தைத் தயாராக வைத்திருக்கும் மனிதர். இந்த இனத்தில் நான் பார்த்த உயர்ந்த ரகம், எங்கள் ஆய்வுக்கூடத்து ஈஸ்ட்ரோஜன் சார்.

கருப்பைச் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் நுழைகிறது, அங்கே அதற்காகவே காத்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்து டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து சில மரபணுக்களைத் தட்டி எழுப்புகின்றன, சிலவற்றைப் படுக்கச் சொல்கின்றன, அதனால்தான் மாதாமாதம் கருப்பையின் உள்சுவர் தடிக்கிறது. இவ்வளவும் சத்தியம். இதோடு நிறுத்தினால் அவர் விஞ்ஞானி. நிறுத்துவாரா? துப்புரவு அம்மா வாளியை ஓங்கி வைத்தால் ஈஸ்ட்ரோஜன். துறைத்தலைவி விடுப்பு தர மறுத்தால் ஈஸ்ட்ரோஜன். ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. கதவைத் தடவிக்கொடுத்து, "மாசத்துல சில நாள் அப்படித்தான்" என்றார். வாசலில் குரைத்த நாயைக்கூட விடவில்லை. அது ஆண் நாய்.

சாரின் மனைவியும் விஞ்ஞானிதான். அடுத்த மேசையில் அதே செல்களோடு மல்லுக்கட்டுகிறவர்.

"ஏங்க, அந்தச் சிவப்புத் திரவத்துல செல்லை வளர்க்காதீங்க. அதுல இருக்கிற சாயமே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை பார்க்கும். சாயம் இல்லாத பாட்டில் ஃப்ரிட்ஜுல இருக்கு."

"எரிச்சலா இருக்கியாம்மா?"

"இல்லைங்க, சாயத்தைப் பத்திப் பேசறேன்!"

"பாத்தியா, குரல் ஏறுது. ஈஸ்ட்ரோஜன்."

அம்மையார் தன் மேசைக்குத் திரும்பினார்; சார் சிவப்புப் பாட்டிலையே திறந்தார்.

துறைத்தலைவி ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி சாரின் நெடுநாள் கனவு. தேர்வுக்குழுவின் முன் கோட்டு போட்டுக்கொண்டு நின்று திரையைக் காட்டினார்: ஈஸ்ட்ரோஜன் ஊற்றிய கிண்ணத்தில் மரபணுக்கள் விழித்துக்கொண்டு கூத்தடித்தன. கைதட்டல்.

"ஊத்தாத கிண்ணத்தையும் காட்டுங்க" என்றார் குழுத்தலைவர்.

காட்டினார். அங்கேயும் அதே கூத்து.

"ஒரு சொட்டுகூட ஊத்தலையே சார், அப்புறம் இதுங்களை யாரு எழுப்பினா?"

காலமெல்லாம் எதற்கும் ஒரே பதில் சொன்னவர், அந்தப் பதில் கிட்டத்தட்ட சரியாக இருந்திருக்கக்கூடிய அந்த ஒரே இடத்தில் வாயடைத்து நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. குழுத்தலைவர் அரங்கைப் பார்த்து, "யாருக்காவது தெரியுமா?" என்றார். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. யார் கை என்று சொல்லவும் வேண்டுமா?

இப்போது சார் விடுப்புக் கடிதத்தை மனைவியிடம்தான் நீட்டுகிறார். போன வாரம் அம்மையார் மறுத்துவிட்டார். ஏன் என்று சாரிடம் கேட்டேன். வாயைத் திறந்தார், சுற்றிலும் பார்த்தார், மூடிக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து உங்களை மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார்கள். குரல் நன்றாகவே ஏறியிருக்கிறது. 'இன்னைக்கு இவளுக்கு என்னவோ' என்று ஒரு காரணமும் உங்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு எழுந்து போங்கள். அடுப்பில் பால் வைத்தது நீங்கள்தானே?